என்னை விசாரித்தவர்கள்

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, நான் பேசும் சிங்களம் சுத்தமாகிவிடும். வேலை அப்படி. கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். காலையில் கதிரையில் உட்கார்ந்தால் மாலை வரை பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், பொலிஸ் முறைப்பாடு என்று சிங்களத்தில் வந்ததைத் தமிழாக்குவேன், தமிழில் வந்ததைச் சிங்களமாக்குவேன். அடியில் கையெழுத்து, அதன்மேல் முத்திரை. ஒரு சொல்லை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள இடமிருந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அப்படிப்பட்டவளை ஒரே ஒரு சொல் ஒரு மாதம் அலையவைத்தது. ‘விசாரிப்பது’ என்பதுதான் அந்தச் சொல்.

நானும் அம்மாவும் மஹய்யாவையில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே வீடுதான். இரண்டு அறை, தகரம் போட்ட சமையலறை, பின்பக்கம் மாத்தளை ரயில் போகும்போதெல்லாம் ஆடுகிற அலுமாரிக் கண்ணாடி. அப்பா போனபிறகு அம்மா பள்ளிக்கூட விடுதியில் சமைத்து என்னைப் படிக்கவைத்ததும் அந்த வீட்டிலிருந்துதான். வீட்டுச் சொந்தக்காரர் முன்வீட்டில் இருந்த முஸ்லிம் பெரியவர். வயதாகிவிட்டதால் எங்கள் வீட்டை விற்றுவிட்டு அக்குறணையில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“மகள், நீங்க எடுக்கிறண்டா உங்களுக்குத்தான் முதல் பேச்சு. மாசம் முடியிற வரைக்கும் பாக்குறன். அதுக்குப் பொறகு நான் என்ன செய்ய?”

இன்னொருவரும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டை இடித்து வாகனம் நிறுத்தும் இடமாக்கப் போகிறாராம். என் வாழ்க்கை முழுவதும் நடந்த இடத்தில் யாரோ வேன்களைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவதை நினைத்துப் பார்த்தேன். அந்த வீடு எனக்கு வேண்டும். அரசாங்க வேலை, நிரந்தரச் சம்பளம், இதுவரை ஒரு குளிர்சாதனப் பெட்டிகூடத் தவணையில் வாங்கியதில்லை. வங்கி எனக்குக் கடன் தராவிட்டால் யாருக்குத் தரும் என்ற தெம்பில்தான் போனேன்.

அம்மாவும் வந்தார். நல்ல சேலை, திருநாள் பூசைக்குக் கட்டுகிறது. வீடு வாங்கப் போகிற பேச்சு, தனியாகப் போகக்கூடாதாம்.

வங்கியில் கடன் பகுதியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண், கிட்டத்தட்ட என் வயது. என் கடன் அறிக்கையைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். கடன் அறிக்கை என்பது வேறொன்றுமில்லை. வங்கியிலோ வாகனக் கடன் கொடுக்கிற லீசிங் கம்பனியிலோ யார் என்ன வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்பதெல்லாம் கொழும்பில் ஓர் இடத்தில் பதிவாகி இருக்கும். கடன் கொடுப்பதற்கு முன் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

“உங்கட சம்பளம் இந்தக் கடனுக்குக் காணும். பழைய கடன் ஒண்டும் இல்ல, அதுவும் நல்லது” என்றார். “ஆனா உங்களைப் பற்றிக் கனபேர் விசாரிச்சிருக்கினம்.”

அம்மா கதிரையின் முனைக்கு வந்துவிட்டார். “யாரும்மா விசாரிச்சாங்க? நல்ல குடும்பமா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு நின்று நாளாகிவிட்டது. நின்றதில் எனக்குக் குறையில்லை, அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. வங்கிக்கு வந்த இடத்திலாவது ஒரு வழி பிறக்காதா என்று அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“இல்லையம்மா, அது கம்பனியள்” என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். “லீசிங் கம்பனியள். ஐஞ்சு இடத்தில இருந்து உங்கட மகளின்ர அறிக்கையைக் கேட்டுப் பார்த்திருக்கினம். ஒவ்வொருத்தரும் பார்க்கேக்க ஒரு அடையாளம் விழும். கிட்டக்கிட்ட இவ்வளவு விழுந்தா, இந்த ஆள் ஊரெல்லாம் கடன் தேடி அலையிறார் எண்டுதான் மேலிடத்தில நினைப்பினம்.”

“நான் எங்கயும் கடன் கேக்கல” என்றேன்.

“உங்களைப் பார்க்க அப்பிடித் தெரியேல்ல. ஆனா கடதாசி அப்பிடித்தான் சொல்லுது.”

திரையை என் பக்கம் திருப்பினார். ஐந்து பெயர்கள். ஒன்றின் கிளை கலகெதரையில். குருநாகல் பஸ்ஸில் போகும்போது கலகெதரையைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். இறங்கி ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை. அந்த ஊரில் யாரோ என் பெயரை எடுத்து, நான் கடன் கொடுக்கத் தக்கவளா என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் ஆள் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார். விசாரித்த ஒவ்வொரு கம்பனியிடமும் போய், என் சம்மதம் எங்கே என்று கேட்க வேண்டும். காட்ட முடியாவிட்டால், தவறுதலாக விசாரித்துவிட்டோம், அந்தப் பதிவை நீக்கச் சொல்கிறோம் என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

“பதிவு அழியக் கொஞ்சம் நாள் எடுக்கும். ஆனா அந்தக் கடிதங்கள் கையில வந்தா நான் உங்கட பைலை மேல அனுப்புவன். மாசக் கடைசிக்குள்ள கொண்டு வாங்கோ.”

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். “ஐ.சி. கொப்பி யார்கிட்ட குடுத்த?”

“யார்கிட்டதான் குடுக்கல?”

யார் யாருக்குப் போனது என்று கணக்குச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் எங்கள் இருவரின் அடையாள அட்டைப் போட்டோ கொப்பிகள். யுத்தக் காலத்தில் பொலிஸ் வந்து வீட்டில் யார் யார் என்று கேட்கும். கேட்ட உடனே நீட்ட வேண்டும். தேடிக்கொண்டு நின்றால் சந்தேகம் வரும். அந்தப் பழக்கத்தில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: “கேட்டா குடுத்துடு. எதுக்குன்னு கேக்காத.” யுத்தம் முடிந்தது, பொலிஸ் வருவது நின்றது, உறை மட்டும் ஆணியிலேயே இருந்தது. சிம் வாங்கினால் ஒரு கொப்பி, கேஸ் சிலிண்டருக்கு ஒரு கொப்பி, சீட்டிழுப்புக்கு ஒரு கொப்பி. தீர்ந்தால் அம்மாவே போய் அடித்துக்கொண்டு வருவார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கலகெதரைக்குப் பஸ் ஏறினேன். மற்றக் கிளைகள் கண்டி நகரத்திலேயே இருந்தன. ஆனால் கலகெதரையில்தான் என்னால் சந்தேகமில்லாமல் நின்று சண்டை பிடிக்கமுடியும். அங்கே நான் போனதே இல்லையே.

லீசிங் கம்பனிக் கிளை ஓர் இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய சிங்கள இளைஞர், மரியாதையானவர், தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சம்மதம் இல்லாமல் தாங்கள் யாரையும் விசாரிப்பதில்லை என்று திருத்தமாகச் சொன்னார். நானும் சுத்தச் சிங்களத்தில், அப்படியானால் என் சம்மதத்தை எனக்குக் காட்டுங்கள் என்றேன். முதலில், பைல் காட்டும் வழக்கம் இல்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசை கூடியது. கடைசியில் உள்ளே போய் ஒரு பைலோடு வந்தார். அவர் முகத்தில் ஜெயித்துவிட்ட களை இருந்தது.

“இது உங்கள் அடையாள அட்டை அல்லவா, மிஸ்?”

ஆம் என்றேன்.

“மேலே இருப்பது உங்கள் கையெழுத்தா?”

பார்த்தேன். அட்டையின் பிரதிக்கு மேல் நீல மையில் தமிழில் ஒரு வரி, கீழே என் கையெழுத்து. சந்தேகமே இல்லை. வேலைப் பழக்கத்தில் எந்தப் பிரதி என் கையால் போனாலும் அதில் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பேன்.

“ஆம்.”

“அப்படியானால் நீங்களே உங்கள் மொழியில் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்” என்று அவர் கதிரையில் சாய்ந்தார். “பிணையாளியாக நிற்கச் சம்மதம் என்று.”

நான் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன். பிறகு சத்தமாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். “ஜன்னல் பக்கம் மட்டும். வாந்தி வரும்.”

அவருக்குப் புரியவில்லை. மருத்துவச் சான்றிதழ்களில் நாங்கள் போடுகிற முறையான சொல்லைப் போட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் சிங்களத்தில் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள். அந்த இளைஞருடைய காது சிவந்தது. காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, வாசிக்கத் தெரியாத எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தமிழில் இருந்ததால்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

தமிழில் இருந்ததால் யாரும் வாசிக்கவில்லை. வாசிக்காததால் அது சம்மதமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம்தான். நாள் முழுக்க யாருக்காக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்தேன். பக்கத்து மேசையில் கேட்டிருந்தால் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்கள். கலகெதரைக் கடைத்தெருவில் தமிழ் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

இந்தக் காகிதம் எப்படி வந்தது என்பதும் எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அந்த வரியை நான் ஒரே ஓர் ஆளுக்குத்தான் எழுதியிருந்தேன். எங்கள் கோயிலிலிருந்து வருடா வருடம் மடு மாதா கோயிலுக்கு யாத்திரை பஸ் போகும். அதை ஒழுங்கு செய்கிறவர் எங்கள் தெருக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். வழியில் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் எல்லாருடைய அட்டைப் பிரதியையும் முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். இப்போது சாவடியும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆனாலும் அவர் வாங்குவார், நாங்களும் கொடுப்போம். போன முறை என்னைப் பின்சீட்டில் நடுவில் போட்டுவிட்டார், தம்புள்ளை வருவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்த முறை பிரதியின் மேலேயே எழுதிக் கொடுத்தேன். பைலில், கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவரின் பெயர் எழுதும் இடத்தில் அவருடைய பெயர் இருந்தது.

கம்பனிக்காரர் தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். கடிதம் தருவோம், ஆனால் அந்த வரியின் அதிகாரபூர்வமான மொழிபெயர்ப்பு பைலுக்கு வேண்டும் என்றார். நான் அதைச் செய்துதரமுடியாது, நான் எழுதியதை நானே அத்தாட்சிப்படுத்துவது முறையில்லை என்றேன். அவர் அதற்குள் என்னோடு வாதாடுவதை விட்டிருந்தார்.

அந்தக் காகிதத்தின் நகலை வாங்கி வந்தேன், அடுத்த நாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழிதான் மொழிபெயர்ப்பைச் செய்தார். தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் ஏற்றியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, கணினியில் தலைப்புப் போட்டு, இரண்டு வாக்கியத்தையும் மொழிபெயர்த்து, மேற்படி வாசகம் மூலத்தோடு ஒப்பிடப்பட்டுச் சரியெனக் காணப்பட்டது என்று எழுதி, முத்திரை குத்தினார். மை காயும்வரை சிரிக்கவில்லை. காய்ந்தபிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் மேலதிகாரி வந்து எட்டிப்பார்த்தார்.

ஞாயிறு பூசை முடிந்து அந்த யாத்திரைக்காரரைக் கோயில் வாசலில் பிடித்தேன். அவருடைய ஓட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, முத்திரை குத்திய மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்தேன். சிங்களத்தில் இருந்தாலும் அவர் வாசிப்பார். வாசித்துவிட்டு நிமிரவில்லை.

“கேட்டு மட்டுந்தான் அக்கா பார்த்தேன்” என்றார். “உங்க பேருல ஒன்னும் எடுக்கலியே. ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல மூனு நாலு பேரு. ஓட்டோ எடுக்கணும், கைல முன்பணம் இருக்கு, பிணைக்கு அரசாங்க வேலைல ஒரு ஆள் வேணுங்கிறான் கம்பெனிக்காரன். தோட்டத்துல அரசாங்க வேலைக்கு எங்க போறது? உங்க பேரு பாஸாகுதான்னு பார்த்துட்டு, பாஸானா வந்து உங்ககிட்ட பேசலாம்னு இருந்தேன்.”

“அஞ்சு இடத்துலயா?”

“ஒரு எடத்துல இல்லன்னா இன்னொரு எடம். கேக்குறதுல என்னக்கா இருக்கு?”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை என்பதும் உண்மை. என் அம்மாவின் அண்ணன் குடும்பம் இன்னும் அந்தப் பக்கம்தான்.

“என்னைக் கேட்டிருக்கணும்” என்றேன். “என்னைப் பத்திக் கேட்டிருக்கக் கூடாது.”

“கேட்டிருந்தா சரின்னுருப்பீங்களா?”

“முடியாதுன்னுருப்பேன்.”

“அதான் கேக்கல” என்றார், உண்மையான வருத்தத்தோடு.

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக் கதையை அவரிடம் சொன்னேன். சொந்தக்காரர் போகப் போவது, வாகனம் நிறுத்தும் இடம், மாதக் கடைசி, எல்லாவற்றையும். அவர் சின்ன வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்து விளையாடியவர். அதுவரை ஓட்டோவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்தினார்.

“எங்க வரணும்னு சொல்லுங்கக்கா. நான் வர்றேன்.”

வந்தார். சொல்லத்தான் வேண்டும், எல்லா இடத்துக்கும் வந்தார். அவருடைய ஓட்டோவிலேயே போனோம். ஒவ்வொரு கிளையிலும் போய் நின்று, இந்த அக்காவுக்குத் தெரியாமல் நான்தான் பிரதியைக் கொடுத்தேன் என்று அவரே வாயால் சொன்னார். ஓரிடத்தில் அவரை முகவர் வேலையிலிருந்து அப்போதே நிறுத்திவிட்டார்கள். அதற்கு நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் திரும்பி வரும் வழியில் கட்டுகஸ்தோட்டையில் அவருக்கு ஒரு சோற்றுப் பார்சல் வாங்கிக் கொடுத்தேன். ஓட்டோவில் இரண்டு பக்கமும் காற்று வந்தது. எனக்கு வாந்தி வரவில்லை.

ஒரு கம்பனி மட்டும் இழுத்தடித்தது. மனேஜர் கூட்டத்தில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள், சிஸ்டம் வேலை செய்யவில்லை. மூன்றாவது முறை நான் அவர்களுடைய வரவேற்புக் கதிரையில் அலுவலக வேலையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினேன். வாடிக்கையாளர் வந்து, என்ன மிஸ், இங்கேயா வேலை என்று கேட்டால், இல்லை, என் அனுமதியில்லாமல் என்னை விசாரித்தார்கள், அதற்கு விளக்கம் வாங்க வந்திருக்கிறேன் என்று சுத்தச் சிங்களத்திலும் அப்படியே தமிழிலும் சொன்னேன். அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்பே கூட்டம் முடிந்து மனேஜர் வந்துவிட்டார்.

ஐந்து கடிதங்களையும் வங்கியில் மேசைமேல் வைத்தபோது அந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒவ்வொன்றாக வாசித்தார். கலகெதரைக் கடிதத்தோடு இணைத்திருந்த மொழிபெயர்ப்பு வந்ததும் நிறுத்தினார். என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடி வாசித்தார்.

“இதையும் பைலில போட்டு அனுப்பவோ?”

“கட்டாயம் போடுங்க” என்றேன்.

பைல் போனது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, என் தொலைபேசி அலுவலக மேசையில் அதிர்ந்தது. “ஓம், சரிவந்திட்டுது” என்றார் அந்தப் பெண், வேறொன்றும் சொல்லவில்லை. நான் அப்படியே எழுந்து படியிறங்கி, வீதியைக் கடந்து, ஒரு மரத்தடியில் நின்று அழுதேன். துக்கம் இல்லை. என் பெயர் எனக்குத் திரும்பிக் கிடைத்த மாதிரி இருந்தது. அழுது முடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அம்மா, முன்வீட்டுப் பெரியவருக்கு இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது. பெரியவர் அக்குறணைக்குப் போனார், போகும்போது வாசலில் இருந்த ரோசாச் செடியை மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். அலுமாரிக் கண்ணாடி ரயிலுக்கு இன்னும் ஆடுகிறது. இப்போது அது எங்கள் சுவர் ஆடுவது, அதனால் எனக்குக் கொஞ்சம் கவலையும் உண்டு.

அதற்குப் பிறகு வந்த யாத்திரைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை நான் சமையலறையில் இருந்தேன். வாசலில் ஓட்டோ நின்ற சத்தம் கேட்டது. யாத்திரைக்காரரின் குரல்.

“அம்மா, மடு பஸ்ஸுக்கு ஐ.சி. கொப்பி சேக்குறேன். உங்களோடதும் அக்காவோடதும்.”

கதவுக்குப் பின்னால் கை போகும் சத்தம் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். பிளாஸ்டிக் உறை ஆணியிலிருந்து கழன்று சரசரக்கும். சரசரத்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு, தடுக்கலாமா என்று வாசல்பக்கம் வந்தேன்.

அம்மா உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நீட்டவில்லை.

“எதுக்கு?” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேள்வியாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா பொலிஸிடம் அப்படிக் கேட்டதில்லை, வீட்டுக்காரரிடம் கேட்டதில்லை, கோயிலில் கேட்டதில்லை. பதில் வரும்வரை நிற்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

யாத்திரைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைக் கைகாட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார், யோசித்தார்.

“ஒன்னுத்துக்குமில்லம்மா” என்றார் கடைசியில். “பேரு மட்டும் எழுதிக்கிறேன்.”

“எழுதிக்கப்பா” என்று அம்மா உறையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். “மகளுக்கு ஜன்னல் பக்கம்.”